காலை 6.30 மணி, கைகள் மேலே: ரேடியோ தைசோவின் கதை

ஜப்பானில் ஏதாவது ஒரு பூங்காவில் காலை ஆறரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றால் ஒரு வேடிக்கையான காட்சி கிடைக்கும். பத்து, இருபது பேர் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். நடுவில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. மணி ஆறரை ஆனதும் பியானோ இசை ஒலிக்கும், எல்லாருடைய கைகளும் ஒரே நேரத்தில் மேலே போகும். யாரும் முன்னால் நின்று கட்டளை போட மாட்டார்கள். பெட்டிக்குள் இருந்து வரும் குரல் மட்டும்தான். பத்து நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும். ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதற்குப் பெயர் ரேடியோ தைசோ. தைசோ என்றால் உடற்பயிற்சி. பயிற்சி என்று சொன்னாலும் வியர்க்க வைக்கும் சமாச்சாரம் இல்லை. கையை உயர்த்து, தோளைச் சுழற்று, மார்பை விரி, பக்கவாட்டில் சாய், இடுப்பைத் திருப்பு, கடைசியில் ஆழமாக மூச்சு விடு. மொத்தம் 13 அசைவுகள். அதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இதைத் தொடங்கி வைத்தது யார் என்று கேட்டால் டாக்டர்கள் என்றோ, விளையாட்டுத் துறை என்றோதான் யாரும் சொல்வார்கள். இல்லை. இதைத் தொடங்கியது ஆயுள் காப்பீட்டுத் துறை!

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. 1909ல் கட்டி முடித்த அதன் கோபுரம் நான்கு ஆண்டுகள் உலகத்திலேயே உயரமான கட்டடமாக இருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குப் பணம் வந்ததோ மிகச் சிறிய மனிதர்களிடமிருந்து. ஆலைத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சில்லறைக் காசில் பாலிசி விற்றார்கள். ஏஜெண்ட் வாரா வாரம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி பிரீமியத்தை வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வியாபாரத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. ஒருவர் பாலிசி எடுத்து மூன்றாவது வருடத்தில் இறந்துபோனால் கம்பெனிக்கு வந்தது மூன்று வருட பிரீமியம், கொடுப்பதோ முழுத் தொகை. அதே ஆள் முப்பது வருடம் இருந்தால் முப்பது வருட பிரீமியமும், அதன்மேல் வட்டியும் வரும். ஆகவே பாலிசிதாரர் ஒவ்வொரு வருடம் கூடுதலாக உயிரோடு இருப்பதும் கம்பெனிக்கு வரவு. பாசத்தினால் இல்லை, பேரேட்டினால் அவர்கள் நல்ல ஆரோக்கியத்தை விரும்பினார்கள். 1909லேயே லீ ஃபிராங்கல் என்பவரை வைத்து நலத்துறை ஒன்றைத் தொடங்கினார்கள். லில்லியன் வால்ட் என்ற புகழ்பெற்ற செவிலியரின் யோசனைப்படி, பாலிசிதாரர்களின் வீடுகளுக்கே நர்ஸ்களை அனுப்பினார்கள். காசநோய், குழந்தை வளர்ப்பு, சுத்தம் என்று சிறு புத்தகங்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள்.

ரேடியோ வந்ததும் அடுத்த யோசனை தானாகவே வந்தது. நர்ஸ் ஒரு நாளைக்குச் சில வீடுகளுக்குத்தான் போக முடியும். ரேடியோ எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகும், அதுவும் கூடுதல் செலவே இல்லாமல். 1925ல் அந்தக் கோபுரத்திலிருந்தே காலை உடற்பயிற்சி ஒலிபரப்பு தொடங்கியது. ஆர்தர் பேக்லி என்பவர் பியானோ இசையோடு எண்ணிக்கை சொல்வார், கேட்பவர்கள் படுக்கையறையில் நின்று கையைக் காலை நீட்டுவார்கள். கேட்டு எழுதினால் படங்கள் போட்ட அட்டை தபாலில் வரும். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓடி இந்த நிகழ்ச்சி நின்றுபோனது. இன்று அமெரிக்காவில் அதை நினைவு வைத்திருப்பவர்கள் அபூர்வம்.

ஆனால் அதை ஒருவர் கவனித்துக்கொண்டு போயிருந்தார். இனோகுமா தெய்ஜி, ஜப்பானிய அரசின் தபால் காப்பீட்டுப் பிரிவு அதிகாரி.

ஜப்பானில் தபால் துறை 1916ல் எளிய ஆயுள் காப்பீடு என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஏழைகளுக்கான திட்டம். சிறிய தொகை, மாதப் பிரீமியம், வசூலிக்க வருவது தபால்காரர். முக்கியமாக, மருத்துவப் பரிசோதனையே கிடையாது. காப்பீடு படிக்கும் எந்த மாணவரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். பரிசோதனை இல்லை என்றால் நோயாளிகளும் தாராளமாக வந்து சேருவார்கள், இறப்புக் கணக்கு ஏறும். அந்தக் காலத்து ஜப்பானும் இன்றைய ஜப்பான் இல்லை. 1920களின் முதல் பாதியில் அங்கே பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 42, 43 வயதுதான். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாத காப்பீட்டாளருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். வந்து சேர்ந்தவர்களை ஆரோக்கியமாக வைத்திருப்பது.

(இதில் ஒரு வேடிக்கை. இதே தபால் துறை 1926ல் ஆயுள்கால ஓய்வூதியத் திட்டம் ஒன்றையும் ஆரம்பித்தது. அதில் கணக்கு தலைகீழ். பணம் கட்டியவர் அதிக காலம் வாழ்ந்தால் துறைக்கு நஷ்டம். ஒரு கையால் ஆயுளை நீட்டச் சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.)

இனோகுமா 1923ல் அமெரிக்கா போனபோது மெட்ரோபாலிட்டன் லைஃப் இப்படி ஒரு ஒலிபரப்புக்குத் திட்டம் போடுவதைத் தெரிந்துகொண்டு வந்தார். 1925ல் துறையின் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். 1927ல் துறைக்குள் முறையான யோசனையாக அது வந்தது. தபால் காப்பீட்டுப் பிரிவு, தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம், ஜப்பான் ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே. ஆகியவை சேர்ந்து வேலையில் இறங்கின. கல்வித் துறையின் உதவியும் கிடைத்தது. அசைவுகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813ல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய பயிற்சிக் கழகத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய முறையை ஜப்பானியப் பள்ளிகள் 1913லேயே பாடத்திட்டத்தில் சேர்த்திருந்தன. அதிலிருந்து, யாரும் எங்கும் செய்யக்கூடிய, எந்தக் கருவியும் வேண்டாத அசைவுகளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

1928 நவம்பர் 1ம் தேதி முதல் ஒலிபரப்பு. ஹிரோஹிதோ சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழா நடந்த மாதம் அது. அந்த விழாவின் நினைவாகத்தான் இது தொடங்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் அறிவிப்பாளர் எகி ரீச்சி, இராணுவத்திலிருந்து வந்தவர். பத்தாண்டுகளுக்கும் மேல் தினமும் விடிகாலையில் வந்து மைக்குக்கு முன்னால் தானும் பயிற்சி செய்துகொண்டே எண்ணிக்கை சொன்னார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ரேடியோவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஆரம்பத்தில் உள்ளாடையோடு நின்று ஒலிபரப்பினாராம். சக்கரவர்த்தி குடும்பமும் இதைக் கேட்டுச் செய்கிறது என்று தெரிந்ததும் பதறிப்போய் மரியாதையான உடைக்கு மாறிவிட்டாராம்.

அப்போது எல்லா வீட்டிலும் ரேடியோ கிடையாது. கேட்டாலும், பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வது? பிரீமியம் வசூலிக்கப் போன தபால் ஊழியர்களே சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள் ஆனார்கள். 1930 கோடையில் தோக்கியோவின் கண்டா பகுதியில் ஒரு போலீஸ்காரர், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் நேரம் கழித்து எழுந்து சோம்பிக் கிடப்பதைப் பார்த்து, அவர்களை ஓரிடத்தில் கூட்டி ரேடியோவுக்குப் பயிற்சி செய்ய வைத்தார். அந்தப் பூங்காவில் இன்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஜப்பானியப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு காலையில் ஓடுவதும், பயிற்சி முடிந்ததும் அந்த நாளுக்கு ஒரு முத்திரை குத்தி வாங்குவதும் இந்த வழியில் வந்த பழக்கம். விடுமுறையிலும் தூங்க விடமாட்டேன் என்கிறார்களே என்று அழுத பிள்ளைகள் எத்தனை தலைமுறையோ!

இதுவரை கதை இனிப்பாகத்தான் இருக்கிறது. 1930களில் நிறம் மாறுகிறது.

1931ல் மஞ்சூரியா, 1937ல் சீனாவுடன் முழுப் போர். 1938ல் நாட்டின் ஆள், பொருள் எல்லாவற்றையும் போருக்குத் திரட்டும் சட்டம். கைகளை ஒரே நேரத்தில் உயர்த்தப் பழகிய லட்சக்கணக்கான மக்கள் கூட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அரசாங்கம் புதிதாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை, முன்னால் ஒரு கொடியும் பின்னால் ஒரு வணக்கமும் சேர்த்தால் போதும். பயிற்சிக் கூட்டங்களில் கொடி ஏற்றினார்கள், அரண்மனை இருக்கும் திசை நோக்கிக் குனிந்தார்கள், தேசிய கீதம் பாடினார்கள். வராமல் இருப்பவர் சோம்பேறி என்பது மாறி, வராதவர் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று ஆனது. உயிரோடு இருந்து பிரீமியம் கட்ட வேண்டிய உடம்பு, இப்போது போரில் சாகத் தகுதியாக இருக்க வேண்டிய உடம்பு. அசைவில் பெரிய மாற்றம் இல்லை. கை அதே மாதிரிதான் மேலே போனது.

கொரியாவிலும் தைவானிலும் இதே பயிற்சி. பிறகு ஜப்பானியப் படை போன இடமெல்லாம் போனது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, ஊருக்கு சியோனான் என்று பெயர் மாற்றினார்கள், கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களும் ஜப்பானிய எண்ணிக்கைக்குக் கையை நீட்டினார்கள். சிங்கப்பூர், மலாயாத் தமிழர்களும் அந்த வரிசைகளில் நின்றவர்கள்தான். அதே ஆட்சிதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை சயாம் பர்மா ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது. 415 கிலோமீட்டர் பாதை. மண்ணும் கல்லும் மரமும் சுமந்தே தோள் ஒடிந்து, காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டவர்களுக்குக் கணக்கு ஒழுங்காக எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை. அவர்களுக்கு யாரும் பாலிசி எழுதியிருக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 15ல் ஜப்பான் சரணடைந்தது. ரேடியோ தைசோ சில நாட்கள்தான் நின்றது, அதே மாதம் மீண்டும் ஒலித்தது! ஊரே எரிந்து கிடக்கும்போது காலையில் அதே பியானோ. 1946ல் பழைய வாடை இல்லாமல் புதிதாக ஒரு பயிற்சியைத் தயாரித்துப் பார்த்தார்கள். அது கடினமாக இருந்ததால் மக்களிடம் எடுபடவில்லை. போதாததற்கு, ஆக்கிரமிப்பு நிர்வாகம் நடத்திய அமெரிக்கர்களுக்கு இதைக் கண்டாலே சந்தேகம். ஒரு குரல் சொல்ல, நாடே ஒரே நேரத்தில் கையை உயர்த்துவது ஜனநாயகமா? 1947 ஆகஸ்டோடு ஒலிபரப்பு நின்றது. அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனியிடம் கற்றுக்கொண்ட ஒன்றை அமெரிக்க அதிகாரிகளே இராணுவ வாடை என்று சந்தேகப்பட்டதில் இருக்கும் முரணை அன்று எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது.

அவர்களுடைய சந்தேகம் அடிப்படை இல்லாதது என்று சொல்லிவிடவும் முடியாது. 1928ல் சக்கரவர்த்தியின் முடிசூட்டோடு சேர்த்துக் கட்டிய முடிச்சு அது.

ஆனால் விட்டவர்கள் நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1951 மே 6ம் தேதி ரேடியோ தைசோ திரும்பி வந்தது. இப்போது பூங்காக்களில் செய்யும் 13 அசைவுகள் அன்று வந்தவை, இசை ஹத்தோரி ததாஷி. மறுவருடம் வேலைக்குப் போகும் இளவயதினருக்காகக் கொஞ்சம் வேகமான இரண்டாவது பயிற்சி வந்தது, அதற்கு இசை தான் இகுமா. இம்முறை பின்னால் கொடி இல்லை, வணக்கம் இல்லை. விருப்பம் உள்ளவர் செய்யலாம், இல்லாதவர் தூங்கலாம். திரும்பக் கொண்டுவந்ததில் முன்னின்றது யார்? மறுபடியும் தபால் துறைதான். அவர்கள் கணக்கு அப்படியே இருந்தது. (சீனாவும் அதே 1951ல் தன் நாட்டுக்கு ஒரு ரேடியோப் பயிற்சியைத் தொடங்கியது. அது தனிக் கதை.)

இந்தப் பயிற்சி இவ்வளவு அடி வாங்கியும் ஏன் சாகவில்லை? ஒரு காரணம், செய்தால் உடம்புக்கு நிஜமாகவே சுகமாக இருக்கிறது என்பதுதான். 13 அசைவுகளையும் வரிசையாகப் பார்த்தால் பாதிக்கு மேல் தோள், மார்பு, முதுகு சம்பந்தப்பட்டவை. மனிதத் தலை சுமார் ஐந்து கிலோ எடை. மேஜைக்கு முன்னால் தலையைக் குனிந்து மணிக்கணக்காக எழுதும்போதும் தட்டும்போதும், கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசைகள் அதை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பெரிய பளு இல்லை, ஆனால் ஓய்வே இல்லாத பளு. இறுகியே இருக்கும் தசையில் இரத்த ஓட்டம் குறைகிறது, வலி எடுக்கிறது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, சுழற்றி, மார்பை விரித்தால் இறுக்கம் விட்டு இரத்தம் ஓடுகிறது. இதற்கு மேல் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

ஜப்பானிய மொழியில் இந்தத் தோள் இறுக்கத்துக்கென்றே கதகோரி என்று ஒரு சொல் இருக்கிறது. அரசு எடுக்கும் மக்கள் உடல்நலக் கணக்கெடுப்பில், என்ன தொந்தரவு என்று கேட்டால் ஆண்களும் பெண்களும் சொல்வதில் முதல் இரண்டு இடங்கள் முதுகுவலிக்கும் கதகோரிக்கும்தான். பள்ளியிலிருந்தே கை நீட்டிப் பழகிய நாட்டில் இப்படி என்றால், பயிற்சி பலன் இல்லையா என்று கேட்கலாம். காலையில் மூன்று நிமிடம் நீட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் நாற்காலியில் கூனி உட்கார்ந்தால் அந்த மூன்று நிமிடம்தான் என்ன செய்யும்?

இன்னொரு சுவையான விவரம். 13 அசைவுகளில் கழுத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. அதனால் காலை ஒலிபரப்பில் முதல் பயிற்சிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கழுத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பும் அசைவைச் சேர்த்துவிட்டார்கள்.

தொழிற்சாலைகளும் கட்டட வேலை இடங்களும் இதை விடவில்லை. காலையில் வேலை தொடங்கும் முன் வரிசையாக நின்று பயிற்சி, பிறகு அன்றைய வேலையைப் பற்றிப் பேச்சு. இங்கே மறுபடியும் பழைய கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. தொழிலாளி கையை நீட்டுவது அவருக்காகவா, முதலாளிக்காகவா? அவருக்காக என்றால் அது அவருடைய சொந்த நேரம். முதலாளிக்காக என்றால் அதற்குச் சம்பளம் தர வேண்டும்.

இந்தக் கேள்வியை ஒட்டி வந்த ஒரு வழக்கு ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரை போனது. மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸின் நாகசாகி கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்கள் போட்ட வழக்கு. அங்கே வேலை நாள் ஆரம்பப் பயிற்சியோடு தொடங்கும். மணி அடிக்கும்போது வேலை உடுப்பு, பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் மாட்டிக்கொண்டு பயிற்சி இடத்தில் நிற்க வேண்டும். நிற்கிறாரா இல்லையா என்பதை வைத்துத்தான் வேலைக்கு நேரத்தோடு வந்தாரா என்றே பார்த்தார்கள். அப்படியானால் உடுப்பு மாற்றவும், அங்கிருந்து பயிற்சி இடத்துக்கு நடந்து போகவும் ஆகும் நேரம் யாருடையது? முதலாளி கட்டாயப்படுத்தியதால் அதுவும் வேலை நேரம்தான் என்று 2000 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது. சில நிமிடங்கள்தானே என்று தோன்றும். ஒரு ஆளுக்குச் சில நிமிடம், வருடம் முழுக்க, ஒரு கப்பல் தளம் முழுக்க என்று பெருக்கிப் பார்த்தால் கம்பெனி ஏன் உச்ச நீதிமன்றம் வரை போராடியது என்று புரியும். சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: கையை உயர்த்தாமல் இருக்க அந்த ஆளுக்கு உரிமை இருந்ததா?

பூங்காவில் ஆறரை மணிக்கு வரும் முதியவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. மழை பெய்தால் வருவதில்லை, முழங்கால் வலித்தால் குதிக்கும் அசைவில் சும்மா நிற்கிறார்கள். நிற்கவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் முறையும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். 1999ல் வயதானவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் மனதில் வைத்து மூன்றாவதாக ஒரு பயிற்சியும் வந்தது.

2007ல் ஜப்பான் தபால் துறை தனியார்மயமாகி, காப்பீட்டுப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் முத்திரை அட்டையை அந்த நிறுவனம் இன்னும் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.